ஈயக்குட்டை மீனும் குஞ்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிற பத்தாங் பெர்ஜுந்தைக்கு இப்போது அரசாங்கப் பெயர் பெஸ்தாரி ஜெயா. ஊர்க்காரர்கள் பழைய பெயரை இன்னும் விடவில்லை. ஒரு பக்கம் செம்பனைத் தோட்டங்கள். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் எஸ்டேட் 1917இல் நடப்பட்டது இங்கேதான். இன்னொரு பக்கம் ஈயம், அதாவது டின் எனப்படும் வெள்ளீயம், அள்ளிவிட்டுப் போன குட்டைகள். நடுவில் சிலாங்கூர் ஆறு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்குக் குறைவில்லை.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்பது தெரிந்ததிலிருந்து கோப்பிக் கடையிலும் பாசாரிலும் கோவில் திருவிழாவிலும் ஒரே கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

"அண்ணே, ஈயம் தோண்டுறது நின்னு முப்பது நாப்பது வருஷம் ஆச்சு. இன்னும் என்ன அழுக்கு மிச்சம் இருக்கப்போகுது?"

1985 அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றம் கடனில் மூழ்கிக் கையை விரித்தது. ஈய விலை சரிந்தது, நம் நாட்டுச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஆட்கள் போனார்கள், இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின. புரட்டிப் போட்ட மண் மட்டும் போகவில்லை.

ஈயத்தாது தனியாகக் கிடப்பதில்லை. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட், அதோடு ஆர்சனிக்கும் சேர்ந்த ஆர்சனோபைரைட், கொஞ்சம் செம்பு, துத்தநாகம், காரீயம் என்று கூட்டாளிகள் உண்டு. பூமிக்கடியில் காற்றுப் படாமல் இருந்தவரை இவை சும்மா கிடந்தன. மேலே வந்து காற்றும் மழையும் பட்டதும் கந்தகம் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் பக்கத்தில் இருக்கும் உலோகங்களைக் கரைத்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கல்லில் கந்தகம் இருக்கும்வரை இது நடந்துகொண்டே இருக்கும். நூறு வருடத்துக்கு முன் மூடிய சுரங்கங்களிலிருந்தும் இன்றைக்குப் புளித்த தண்ணீர் கசிகிற ஊர்கள் உலகத்தில் நிறைய.

அதோடு, பழைய குட்டைகளில் இப்போது மணல் எடுக்கிறார்கள். அடியில் அடங்கிப்போன சேற்றை அது மறுபடி கிளப்பிவிடுகிறது.

"சார்டின் டின்னுக்கு உள்ளேயே ஈயம்தானே பூசியிருக்கு? அதைச் சாப்பிட்டு நமக்கு ஒன்னும் ஆகலையே?"

சரியான கேள்வி. டின்னில் பூசுவது வெள்ளீயம். இங்கே தோண்டியதும் அதுதான். வெள்ளீயத் தாது தண்ணீரில் அவ்வளவு சுலபமாகக் கரையாது, உடம்பிலும் அதிகம் ஒட்டாது. மீனுக்குத் தொல்லை தருவது மேலே சொன்ன கூட்டாளிகள்தான். சுரங்கக்காரன் வெள்ளீயத்தை எடுத்துக்கொண்டு, வேண்டாததை நமக்கு விட்டுப் போய்விட்டான்.

கப்பலின் அடிப்பாகத்தில் பூசிய ஈயச் சாயம் கடல் நத்தைகளைக் கெடுத்த கதையைச் சிலர் இதோடு போட்டுக் குழப்புவார்கள். அது தொழிற்சாலையில் கரிமப் பொருளோடு சேர்த்துத் தயாரித்த வேறு சரக்கு. குட்டை மண்ணில் இருப்பது அதுவல்ல.

"குட்டையில மீன் ஒன்னும் செத்து மிதக்கலையே. அப்புறம் என்ன பிரச்சினை?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மீன் செத்து மிதப்பது பெரிய அளவு விஷம் ஒரே நேரத்தில் இறங்கும்போது நடப்பது. சுரங்கத் தண்ணீர் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்கில் வரும். வளர்ந்த மீன் அதைத் தாங்கிக்கொள்ளும். அதன் சினையும் முட்டையும் இரண்டு மூன்று நாள் வயதுக் குஞ்சும் தாங்காது.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உண்டு. அதில் 223 என்ற எண்ணுள்ள ஏரியில் 1976 முதல் வேண்டுமென்றே கந்தக அமிலத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து, பி.எச். அளவை 6.8இலிருந்து 1983க்குள் 5க்கு இறக்கினார்கள். (பி.எச். என்பது தண்ணீரின் புளிப்பைக் காட்டும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்.) பி.எச். 6க்குக் கீழே போனதும் முதலில் ஒரு சின்னக் கெண்டை வகையின் குஞ்சுகள் காணாமல் போயின. பிறகு மற்ற மீன்களும் ஒவ்வொன்றாகக் குஞ்சு பொரிப்பதை நிறுத்தின. ஏரியின் பெரிய மீனான டிரவுட் இருந்துகொண்டேதான் இருந்தது. சின்ன மீன் இல்லாததால் தின்ன இரையின்றி இளைத்துப்போனது, புதிய குஞ்சும் வரவில்லை. கரையில் நின்று பார்க்கிறவர் "மீன் இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார்.

தூண்டிலில் மூன்று கிலோ தோமான் (பெரிய விரால் வகை) மாட்டினால் பழைய காலத்தில் பிறந்த மீன் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. தண்ணீரின் இன்றைய நிலைமையைச் சொல்வது விரல் நீளக் குஞ்சுகள்.

"மீனு முட்டை போடுறதுல இந்த உலோகம் எங்க போய்ப் புகுந்துக்குது?"

பல இடங்களில். மழையும் வெப்பமும் மாறும்போது மீனின் மூளை சுரப்பிகளுக்குச் சேதி அனுப்பும். அதன் பேரில் சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். அது கல்லீரலுக்குப் போய் மஞ்சள்கருவுக்கான புரதத்தைச் செய்யச் சொல்லும். வைட்டெல்லோஜெனின் என்று அதற்குப் பெயர். கல்லீரலில் சரக்கேற்றி இரத்த வழியாகச் சினைப்பையில் இறக்குகிற லாரி அது. அந்த லாரியில் சில உலோகங்கள் ஓசிச் சவாரி செய்து நேராக முட்டைக்குள் போய்விடுகின்றன. துத்தநாகத் தாதோடு வருகிற கேட்மியம் இன்னொரு வேலையும் செய்யும்: ஈஸ்ட்ரோஜன் சொல்வதைக் கல்லீரல் கேட்கவிடாமல் தடுக்கும். அப்போது மஞ்சள்கருவே குறைந்துபோகும், சினை சிறுத்துப்போகும்.

ஆண் மீனின் கதை தனி. நன்னீர் மீன்களின் விந்து தண்ணீரில் பட்ட பிறகுதான் நீந்தத் தொடங்குகிறது. பெரும்பாலான கெண்டை வகைகளில் ஏறக்குறைய ஒரு நிமிடம், அவ்வளவுதான் அதன் ஆயுள். அதற்குள் முட்டையின் ஒரே ஒரு நுண்துளையைக் கண்டுபிடித்து நுழைய வேண்டும். செம்போ பாதரசமோ கேட்மியமோ தண்ணீரில் இருந்தால் அந்த ஓட்டம் தளர்ந்துவிடும். ஒரு நிமிடத்தில் பாதி போனாலும் ஜோடியின் அந்த முறை முயற்சி வீண்தான்.

இதற்கெல்லாம் முன்பே ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டுமே? கலங்கல் தண்ணீரில் மீனுக்குக் கண்ணைவிட மூக்கு பெரிது. பெண் முட்டைக்குத் தயார் என்பதைத் தண்ணீரில் கலக்கிற வாசனைப் பொருள்களால்தான் ஆண் அறிகிறது. தங்கமீனை வைத்து இதை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். கரைந்த செம்பு, ஒரு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே, மீனின் மோப்ப நரம்பை மணிக்கணக்கில் மழுங்கடித்துவிடும். உடம்பில் ஒரு காயமும் இருக்காது. வாசனை மட்டும் தெரியாது.

"விஷம் எதுவும் இல்ல, வெறும் சேறுதான்னா பரவாயில்லையா?"

எந்த மீன் என்பதைப் பொறுத்தது. கெலா, செபாராவ் மாதிரி ஓடும் ஆற்று மீன்களுக்குச் சேறுதான் முதல் எதிரி. கெலாவின் முட்டை சரளைக் கல்லிடுக்கில் கிடந்து, ஊடே ஓடுகிற தண்ணீரிலிருந்து மூச்சை வாங்குகிறது. அந்த இடுக்கை மாவு போன்ற களிமண் அடைத்துவிட்டால் முட்டை உள்ளேயே புழுங்கிச் சாகும். நம் சிலாங்கூர் ஆற்றின் தலைமாட்டில், கோலக்குபு பாரு பக்கம், சுங்கை சிலிங்கில் மீன் சரணாலயம் இருக்கிறது. அங்கே கெலா காலைச் சுற்றி வரும். கீழே நம் ஊர்ப் பக்கம் கெலா பிடித்தேன் என்று யாராவது சொன்னால் படம் கேளுங்கள்.

ஹருவான், அதாவது விரால், வேறு ரகம். அதன் முட்டையில் எண்ணெய்த் துளி இருப்பதால் மேலேயே மிதக்கும், அடிச்சேறு அதைத் தொடாது. ஆனால் கூடு கட்டக் கரையோரப் புல் வேண்டும். சேறு கலந்த தண்ணீரில் வெயில் இறங்காமல் நீர்ச்செடி செத்தால் கூடும் இல்லை. மலேசிய நீர்த்தர அளவுகோலில், நுட்பமான மீன்கள் வாழத்தக்க இரண்டாம் வகுப்புக்கு மிதக்கும் துகள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மூன்றாம் வகுப்புக்கு, அதாவது எதையும் சமாளிக்கிற மீன்களுக்கு, 150 வரை. மணல் அள்ளும் இடத்துக்குக் கீழே மழை நாளில் ஒரு போத்தல் மொண்டு அரை நாள் அசையாமல் வைத்துப் பாருங்கள், அடியில் எவ்வளவு தங்குகிறது என்று.

"புளிச்ச தண்ணின்னு சொல்றீங்களே, அது முட்டையை என்ன பண்ணும்?"

குஞ்சு முட்டைக்குள்ளிருந்து வெளியே வர ஒரு நொதியைச் சுரந்து முட்டைத் தோலை உள்ளிருந்தே கரைக்கிறது. அமிலத் தண்ணீரில் அந்த நொதி சரியாக வேலை செய்யாது. குஞ்சு முழுதாக வளர்ந்திருக்கும், உள்ளே நெளியும், வெளியே வர முடியாது. பி.எச். 5 அளவில் பெரும்பாலான மீன் வகைகளின் முட்டை பொரிப்பதில்லை. போதாக்குறைக்கு மண்ணிலிருக்கிற அலுமினியமும் அமிலத்தில் கரைந்து வந்து செவுளில் ஒட்டிக்கொள்ளும்.

தாய் மீனுக்கும் அடி விழும். அமிலத் தண்ணீரில் உடம்பு சுண்ணாம்புச் சத்தை இழக்கிறது. கனடாவின் சட்பரி நிக்கல் உருக்காலைகளைச் சுற்றி, அவற்றின் புகையால் புளித்துப்போன ஏரிகளில், வயிறு நிறையச் சினை இருந்தும் முட்டையிடாமலே போன மீன்களைக் கண்டார்கள்.

நம் நாட்டில் இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் சபாவில் ரானாவ் பக்கம் மாமுட். 1975 முதல் 1999 வரை செம்பு எடுத்த இடம். தோண்டிய பள்ளம் இப்போது ஏரியாகி நிற்கிறது, பி.எச். 3 அளவில். அங்கே குஞ்சைப் பற்றிப் பேச்சே இல்லை. கிந்தா பள்ளத்தாக்கில் நிலைமை வேறு, அடியில் சுண்ணாம்புக் கல் என்பதால் அமிலம் அங்கேயே முறிந்துவிடுகிறது. தஞ்சோங் துவாலாங்கில் பழைய ஈயக்குட்டையில் ஊடாங் காலா என்கிற பெரிய நன்னீர் இறாலை வளர்த்து ஊருக்கே சோறு போடுகிறார்கள். எல்லா ஈயக்குட்டையும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

"சதுப்புக் காட்டுத் தண்ணி கறுப்பா, புளிப்பாத்தானே இருக்கு. அதிலயும் மீன் குஞ்சு பொரிக்குதே, சார்?"

கேட்டவர் வட சிலாங்கூர் கரிச்சதுப்புக் காட்டின் ஓரத்தில் வளர்ந்தவர், விஷயம் தெரிந்துதான் கேட்டார். அந்தத் தண்ணீர் பி.எச். 4 வரை இறங்கும். அதில் வாழ்கிற சின்னச் சண்டை மீன் இனங்கள் பல்லாயிரம் வருடமாக அதற்குப் பழகியவை. சிலவற்றுக்கு வேறு தண்ணீரே ஒத்துக்கொள்ளாது.

அங்கே அமிலம் இலைதழை மக்கி வந்தது. அந்தக் கறுப்புச் சாறு உலோகத்தைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொள்ளும், மீன் உடம்பில் எளிதாக ஏறவிடாது. சுரங்க அமிலம் கந்தகத்திலிருந்து வந்தது, உலோகத்தைக் கரைத்துக்கொண்டே வருவது. பி.எச். காகிதத்தில் இரண்டும் ஒரே நிறம் காட்டும்.

"எங்க குட்டைத் தண்ணி நீலமா, அடி வரைக்கும் தெளிவா இருக்கு. அப்ப சுத்தம்தானே?"

கரைந்த உலோகத்துக்கு நிறம் தெரியாது. சில குட்டைகள் தெளிவாக இருப்பதற்குக் காரணமே அமிலமும் அலுமினியமும்தான்: துகள்களைத் திரட்டி அடியில் இறக்கிவிடும், பாசியையும் வளரவிடாது. பாசி இல்லையென்றால் நுண்ணுயிர் இல்லை, நுண்ணுயிர் இல்லையென்றால் குஞ்சுக்கு முதல் வாரத் தீனி இல்லை. கல்யாணப் படம் எடுக்க நல்ல இடம். மற்றபடி தெளிவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"திலாப்பியா எக்கச்சக்கமா பெருத்துக் கிடக்கே. குஞ்சு இருந்தா தண்ணி சரின்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன், ஆனால் எந்தக் குஞ்சு என்று பார்க்க வேண்டும். திலாப்பியா தாய் முட்டையை வாயில் போட்டுக்கொண்டு அடைகாக்கிறது. குஞ்சு நீந்தத் தொடங்கிய பிறகும் ஆபத்து வந்தால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். முட்டை சேற்றில் கிடப்பதே இல்லை. நம் வெப்பத்துக்கு மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை முட்டையிடும். பாதி போனாலும் மீதி குட்டையை நிரப்பிவிடும். அதோடு, அது வந்தேறி மீனும்கூட.

குட்டையில் திலாப்பியா மட்டும் மலிந்து, லம்பாம், செப்பாட், பூயு மாதிரி நம் ஊர் மீன்கள் எல்லாம் குறைந்திருந்தால் அதை நல்ல அறிகுறியாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

"ஹருவான் குஞ்சு செக்கச்செவேல்னு கூட்டமா மேல வர்றத நான் கண்ணால பார்த்தேன். அதுவாவது நல்லதா?"

நல்லதுதான், பார்க்கவும் அழகு. காலையில் காற்றில்லாத நேரம் கரையோரப் புல்லுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் பொடிப் பொடியாகத் துடிக்கும். உற்றுப் பார்த்தால் இளஞ்சிவப்பில் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் மேலே வந்து ஒரு வாய்க் காற்று வாங்கிக்கொண்டு ஒன்றாகவே கீழே இறங்கும். சற்று நேரத்தில் இரண்டடி தள்ளி மறுபடி வரும். அதற்குக் கீழே பெரிய நிழல் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், அதுதான் காவல். தோமானும் இப்படித்தான்.

ஹருவான் பெரிதான பிறகு காற்றைக் குடித்தே வாழ்ந்துவிடும். ஆனால் முட்டையும் முதல் நாள்களில் குஞ்சும் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. அதனால் குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் அந்த மூலையில் அந்த வாரம் தண்ணீர் தாங்கக்கூடியதாக இருந்தது என்று அர்த்தம். ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் விரல் நீளக் குஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் உண்மையான தேர்வு.

குஞ்சுக் கூட்டத்தின்மேல் தவளைப் பொம்மையை வீசினால் காவல் மீன் சீறி அடிக்கும் என்பது தூண்டில்காரர்களுக்குத் தெரியும். அப்படிப் பிடித்த மீனைத் திருப்பி விடாமல் கொண்டுபோனால் குஞ்சுகளைச் சுற்றியிருக்கிற மீன்கள் தின்று தீர்த்துவிடும். சுரங்கத்தைக் குறை சொல்ல நமக்கு வாய் இருக்க வேண்டும் அல்லவா?

"கூன் விழுந்த மீன் ஒன்னு மாட்டுச்சு. சுரங்கத்து வேலையா?"

ஒரு மீனை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முதுகெலும்பு வளைய அடிபட்ட காயம், ஒட்டுண்ணி, வளர்ப்பு மீனானால் தீனியில் வைட்டமின் சி குறைவு, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் என்று பல காரணங்கள் உண்டு. காரீயமும் முதுகை வளைக்கும்.

ஒரே இடத்தில் பல குஞ்சுகளுக்கு முதுகு, வாய், துடுப்பு எல்லாம் கோணலாக இருந்தால் அப்போது செலினியம் என்கிற தனிமத்தைச் சந்தேகிப்பார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் பெலூஸ் ஏரி என்ற நீர்த்தேக்கத்தில் 1970களில் அனல் மின்நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் தண்ணீர் கலந்தது. சில வருடத்தில் அங்கிருந்த 20 வகை மீன்களில் 19 வகை அழிந்தன. பெரிய மீன்கள் பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருந்தன. செலினியம் கந்தகத்தின் சாயலில் இருப்பதால் புரதத்தில் நுழைந்து, முன்பு சொன்ன லாரியில் ஏறி முட்டைக்குப் போய்விட்டது. கனடாவின் எல்க் பள்ளத்தாக்கு நிலக்கரிச் சுரங்கங்களிலும் இதே செலினியம்தான் பிரச்சினை. 2021இல் அங்குள்ள நிறுவனத்துக்கு நீதிமன்றம் 6 கோடி கனடிய டாலர் செலுத்த உத்தரவிட்டது. செலினியம் நிலக்கரிப் பாறையோடு அதிகம் வருவது. நம் ஈயக்குட்டைக்கு அதை அப்படியே ஒட்டவைக்க வேண்டாம்.

"ரவுப் பக்கம் தங்கம் எடுக்கிறாங்களே, பாதரசம், சயனைடுன்னு பேசிக்கிறாங்க. அதுவும் இப்படித்தானா?"

இரண்டும் இரண்டு விதம். சயனைடு அதிகமானால் மீன் உடனே சாகும், குறைந்த அளவில் இருந்தால் முட்டையிடுவதைக் குறைக்கும். வெயிலிலும் காற்றிலும் அது சிதைந்துபோகும் என்பது ஒரு ஆறுதல். பெரிய ஆலைகள் தங்கத்தைக் கரைக்கப் பயன்படுத்துவது இதைத்தான்.

பாதரசம் பெரும்பாலும் திருட்டுத்தனமாகவோ கைத்தொழிலாகவோ தங்கம் எடுக்கிற இடங்களின் சரக்கு. அது போகாது. காற்றில்லாத அடிச்சேற்றில் இருக்கிற கிருமிகள் அதை மெதில் பாதரசமாக மாற்றும். அது பாசியில் ஏறி, பூச்சியில் ஏறி, சின்ன மீனில் ஏறி, கடைசியில் தோமானில் குவியும். தீனி வழியாக மெதில் பாதரசம் கொடுத்து வளர்த்த மீன்களில் பாலின ஹார்மோன்கள் குறைந்ததையும், முட்டையிட்ட ஜோடிகள் குறைந்ததையும் பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

"ஆத்துக்கு 'சுத்தம்'னு மார்க் போட்டு அறிக்கை வருது. நீங்க மட்டும் ஏன் பயமுறுத்துறீங்க?"

அறிக்கை பொய்யில்லை. ஆனால் அந்த மார்க் எதற்கு என்று பார்க்க வேண்டும். மலேசிய நீர்த்தரக் குறியீட்டெண்ணில் ஆறு விஷயங்கள்தான் சேரும்: கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்கக் கிருமிகள் இழுக்கிற ஆக்சிஜன்), வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் துகள், பி.எச். ஆர்சனிக்கும் செம்பும் காரீயமும் அந்தக் கணக்கில் இல்லை. அவற்றுக்குத் தனி அளவுகோல் இருக்கிறது, தனியாகச் சோதிக்க வேண்டும். சாக்கடையையும் ஆலைக் கழிவையும் பிடிக்க வந்த மார்க் அது. அதை உலோகத்துக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்வது தவறு.

2014 வறட்சியில் குழாய்த் தண்ணீர் பற்றாக்குறை வந்தபோது, சிலாங்கூர் அரசு இந்தப் பக்கத்துப் பழைய சுரங்கக் குட்டைத் தண்ணீரை ஆற்றுக்குத் துணையாக எடுத்தது. ஊரே இதைப் பற்றிப் பேசியது. குடிக்கிற தண்ணீருக்குச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. மீன் முட்டைக்கு அது கிடையாது.

"தோட்டத்து மருந்து, உரம், மில்லுக் கழிவு எல்லாம் ஓடுது. எல்லாப் பழியையும் சுரங்கத்து மேலயே போடலாமா?"

கூடாது. செம்பனை ஆலைக் கழிவு சுத்திகரிக்காமல் வந்தால் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும், சட்டம் விடுகிற அளவு 100. ஒரு தடவை குளம் உடைந்து ஓடினால் அன்றைக்கே மீன் வாய் பிளந்து மேலே வந்துவிடும். களைக்கொல்லியும் உண்டு. பாராகுவாட்டை 2020இல் தடை செய்தார்கள். அதற்கு முன் தோட்டத்தில் மருந்தடித்த பெண்களைக் கேட்டால் மீன் கதையைவிடப் பெரிய கதை சொல்வார்கள். இதோடு கரண்டு வைத்து மீன் பிடிப்பதும் இருக்கிறது.

பிரித்தறிய ஓரளவு வழி உண்டு. ஆலைக் கழிவு நாறும், ஆக்சிஜனைத் தின்னும், ஓடி முடிந்தால் ஆறு சில வாரத்தில் தேறும். சுரங்கத் தண்ணீருக்கு வாடை இல்லை, கரைக் கல்லில் துருப்பிடித்த ஆரஞ்சுப் படிவு விடும், வருடக்கணக்கில் நிற்கும். வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே குஞ்சு இருந்து கீழே இல்லாவிட்டால் அந்த வாய்க்காலைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். பல நேரம் இரண்டும் சேர்ந்தே அடிக்கும், அதையும் மறுக்க முடியாது.

"தம்பி, அந்த மீனை ஆக்கித் தின்னலாமா? சினை போட்டுக் குழம்பு வெச்சா பேரனுக்கு ரொம்பப் பிடிக்கும்."

பாட்டி, புளி ஊற்றிக் கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் உலோகம் போகாது. அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காரீயமும் கேட்மியமும் அதிகம் தங்குவது ஈரலிலும் செவுளிலும் எலும்பிலும். குடலையும் செவுளையும் எடுத்துப் போட்டுவிட்டுச் சதையை மட்டும் சமைத்தால் அது ஓரளவு குறையும். பாதரசம் நேர் எதிர், சதையில்தான் இருக்கும், கழுவி எடுக்க வழியே இல்லை. செலினியம் சினைக்குப் போகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

சோதிக்காத குட்டையாக இருந்தால் என் வீட்டில் நான் கடைப்பிடிப்பது இது: பெரிய தோமான் வேண்டாம், சின்ன மீன் எப்போதாவது பரவாயில்லை, சினையும் ஈரலும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை. பேரனுக்குச் சினைக் குழம்புதான் வேண்டுமென்றால் பாசாரில் கடல் மீன் சினை வாங்கிக்கொள்ளுங்கள்.

"மீன் குஞ்சு வாங்கி விட்டா குட்டை நிறைஞ்சிடாதா?"

நிறையும், சில காலத்துக்கு. விட்ட குஞ்சு வளரும், பிடிப்போம், திரும்ப வாங்கி விடுவோம். காசு கட்டிப் பிடிக்கிற குளத்துக்கு அது சரி. ஆனால் முட்டை பொரிக்காத குறையை அது மூடி மறைத்துவிடும். 223ஆம் ஏரியில் வருடா வருடம் குஞ்சு வாங்கி விட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாத்தின் கெளுத்தியும் தோங்சான் கெண்டையும் குட்டையில் குஞ்சு பொரிக்காததற்குச் சுரங்கம் காரணமில்லை. ஓடும் பெரிய ஆறு இல்லாமல் அவை முட்டையிடாது. பண்ணையிலேயே ஹார்மோன் ஊசி போட்டுத்தான் முட்டை எடுக்கிறார்கள்.

"இதைச் சரி பண்ணவே முடியாதா?"

முடியும், நாள் ஆகும். 223ஆம் ஏரியில் அமிலம் கலப்பதைக் குறைத்து பி.எச். ஏறவிட்டதும் சில மீன்கள் மறுபடி குஞ்சு பொரிக்கத் தொடங்கின. சட்பரியில் புகையைக் கட்டுப்படுத்திய பிறகு பல ஏரிகள் தேறின, எல்லாம் இல்லை. அமிலம் கொஞ்சமாக இருக்கிற இடத்தில் சுண்ணாம்புக் கல் போட்ட வாய்க்கால் வழியாகத் தண்ணீரை விடலாம், கோரை வளர்த்த சதுப்புத் தொட்டியில் தேக்கி உலோகத்தை அடியில் இறக்கலாம். திறந்து கிடக்கிற கழிவு மண்ணைக் களிமண்ணால் மூடிச் செடி வைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பு, அடிச்சேற்றைக் கிளறாமல் இருக்க வேண்டும். மூடிக் கிடக்கிற சேறு பாதி பிரச்சினையைத் தானே அடக்கி வைத்திருக்கிறது. சரியாகச் செய்கிறேன் என்று இயந்திரத்தை இறக்குவதைவிடச் சில குட்டைகளைச் சும்மா விடுவது மேல்.

"தண்ணி நிறம் மாறுச்சுன்னா யாருகிட்ட சொல்றது? சொன்னா எடுபடுமா?"

ஆற்று மாசு என்றால் சுற்றுச்சூழல் இலாகா, அதாவது ஜாஸ். 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம் அவர்கள் கையில் இருக்கிறது. 2024 திருத்தத்தில் உச்ச அபராதம் 1 கோடி வெள்ளி (ரிங்கிட்) வரை ஏறியிருக்கிறது. சிலாங்கூரில் ஆறும் குட்டையும் லுவாஸ் என்கிற மாநில நீர் நிர்வாக வாரியத்தின் கீழும் வரும். சுரங்க வேலை பற்றியதென்றால் கனிமவள, புவி அறிவியல் இலாகா. நில உரிமமும் மணல் உரிமமும் மாநில அரசின் கையில் என்பதால் நில அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும், அதனால் எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, யார் யாருக்குப் போகிறது என்று அடியில் எழுதிவிடுவது நல்லது.

எடுபட வேண்டுமானால் "மீன் செத்துப்போச்சு" என்று மட்டும் எழுதாதீர்கள். தேதி, நேரம், மழை பெய்ததா, எந்த வாய்க்கால், மேலே எப்படி கீழே எப்படி, இடம் காட்டும் படம், இவ்வளவும் வேண்டும். தண்ணீர் எடுப்பதானால் புதுப் பிளாஸ்டிக் போத்தலில், அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டு, ஓட்டம் இருக்கிற இடத்தில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மொண்டு, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கூடத்துக்குக் கொண்டுபோங்கள். உலோகம் சோதிக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் மேலே சொன்ன அந்த ஆறு விஷயங்களை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள்.